காட்டைக் கலைத்தவன் பேர் என்ன?

வேட்டை நினைவு எழுதுவது இப்போது ஒரு மோஸ்தர். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ராமநாதபுரம் சீமையில் மான் சுட்ட கதைகள் கொஞ்ச காலமாக நிறையக் கிடைக்கின்றன. எழுதுகிறவர் பழைய பண்ணைவீட்டுப் பேரனாக இருப்பார், இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற அதிகாரியாக இருப்பார். கதையில் தவறாமல் ஒரு வில்லிஸ் ஜீப் வரும். அஞ்சு கட்டை பேட்டரி லைட் வரும். துப்பாக்கி வருகிற இடத்தில் மட்டும் எழுத்துக்கு ஒரு பக்தி வந்துவிடும். பாயிண்ட் டூ டூ ரைபிள், செக்கோஸ்லோவாக்கியாவில் செய்தது, மரக்கட்டையின் வழவழப்பு இப்படி, போல்ட்டை இழுத்தால் எழும் சத்தம் அப்படி என்று அரைப் பக்கம் ஓடும். கூட ஓடிய நாய்க்குப் பெயர் இருக்கும். டைகர், ராஜா, ஜிம்மி. எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒரு இடத்தில் போகிற போக்கில் ஒரு வரி வரும்: ஆட்கள் காட்டைக் கலைத்தார்கள்.

ஆட்கள்! நாய்க்குப் பெயர் உண்டு, ஜீப்புக்கு மாடல் உண்டு, துப்பாக்கிக்கு லைசென்ஸ் நம்பர்கூட ஞாபகம் இருக்கிறது. காட்டைக் கலைத்தவன் மட்டும் பன்மையில் கரைந்துபோகிறான்.

நண்பர்களே, அந்த ஆட்களில் ஒருவர் என் சீயான். என் அப்பாவைப் பெத்தவர். கடலாடிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் உப்புக்காற்று அடிக்கிற ஒரு சேரியில் பிறந்து, அங்கேயே செத்தார். பறையடிப்பார். பனை ஏறுகிறவர்களுக்குக் கூட மாட ஒத்தாசை செய்வார். பண்ணைக்கு வேலை செய்வார். வேட்டைக்கு ஆள் வரும்போது அதையும் செய்வார். அவர் எழுத்துப் படிக்காதவர். அதனால் நினைவு எழுதவில்லை. இப்போது நான் எழுதுகிறேன், என் அப்பத்தா சொல்லச் சொல்ல. அப்பத்தாவுக்கு எண்பத்து நாலு வயசு. காது மந்தம், ஞாபகம் மந்தமில்லை.

"ராவுல ஆள் வரும் அப்பு. 'ஏலே, விடிய முன்ன பறையத் தூக்கிக்கிட்டு வந்துருங்கடா'ன்னு வெளியவே நின்னு கத்திட்டுப் போயிருவாக. கூலிங்கிற பேச்சே கெடையாது. போகலைன்னு வையி, மறுநா வரப்புல காலு வைக்க விடமாட்டாக. ஆடு மாடு கண்மாய்ல தண்ணி குடிக்க விடமாட்டாக. அதுக்குப் பயந்துக்கிட்டு காச்சலோடயும் போவாரு உங்க சீயான்."

மான் வேட்டை என்பது சுடுவது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சுடுவது அந்த வேலையின் கடைசி அரை நிமிஷம். அதற்கு முன்னால் நாலு மணி நேரம் இருக்கிறது. முதல்நாள் சாயங்காலமே போய்த் தடம் பார்க்க வேண்டும். குளம்புத் தடத்தில் மண் காய்ந்திருக்கிறதா ஈரமாக இருக்கிறதா, புழுக்கை புதுசா பழசா, உடைமரத்தின் காயைத் தின்றிருக்கிறதா, எந்தப் பள்ளத்தில் தண்ணி குடித்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். பிறகு காற்று. மானுக்குக் கண்ணைவிட மூக்குப் பெரிது. கச்சான் அடிக்கிற மாசத்தில் மேற்கேயிருந்து கலைக்க வேண்டும், வாடைக்காலத்தில் வடக்கேயிருந்து. அப்போதுதான் மனுச வாடை மானுக்குப் பின்னாலிருந்து போகும், அது எதிர்ப்பக்கம் ஓடும். எதிர்ப்பக்கத்தில் துப்பாக்கி உட்கார்ந்திருக்கும். இருபது முப்பது பேர் அரைவட்டமாக நின்று, பறையை அடித்துக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு, முள்ளுக்குள் நடந்து வர வேண்டும். வட்டத்தில் ஒரு இடம் பிசகினால் மான் அதன் வழியே தப்பிவிடும். தப்பினால் அந்த இடத்தில் நின்றவனுக்கு அடி. இந்த அறிவு முழுக்க சேரியில் இருந்தது. துப்பாக்கி பண்ணைவீட்டில் இருந்தது. நினைவுக் கட்டுரைகளில் அறிவும் பண்ணைவீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

முள் என்று சொன்னேன். ராமேசுவரம் தீவிலும் இந்தக் கடற்கரை நெடுகவும் குடை விரித்தமாதிரி நிற்கிற உடைமரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் முள் நீளமானது, வெள்ளையாக இருக்கும், செருப்பையே துளைக்கும். செருப்பு இருந்தால்தானே! 1930 டிசம்பரில் இதே ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதியினர் ஒடுக்கப்பட்டவர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாக ஆனது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. பெண்கள் மேலே துணி போடக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு அணியக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. என் சீயான் பிறந்தது இந்தத் தடைகள் வந்த காலத்தை ஒட்டித்தான். அந்தக் காலோடுதான் அவர் அறுபதுகளில் காட்டைக் கலைத்தார். அவர் செத்தபோது குளிப்பாட்டிய என் சித்தப்பா, உள்ளங்கால் மரக்கட்டை மாதிரி இருந்தது என்றார்.

இனி அந்தப் புகழ்பெற்ற ரைபிளுக்கு வருவோம். பாயிண்ட் டூ டூ தோட்டாவின் ஈயம் இரண்டரை கிராம் சொச்சம். முயலுக்கும் கவுதாரிக்கும் போதும். வளர்ந்த புள்ளிமான் கிடா எழுபது எண்பது கிலோ இருக்கும். இந்தச் சின்ன ஈயத்துக்கு அது விழுந்துவிடாது. மூளையிலோ கழுத்தெலும்பிலோ சரியாகப் பட்டால் சரி. வயிற்றில் பட்டால், தொடையில் பட்டால், மான் ஓடும். மைல் கணக்கில் ஓடும். இங்கிலாந்தில் 1991-ஆம் வருஷத்து மான் சட்டம், பாயிண்ட் 240 அங்குலத்துக்குக் குறைந்த குழாயால் மானைச் சுடுவதைக் குற்றம் என்கிறது. குண்டு வெளியேறும்போது குறைந்தது 2,305 ஜூல் விசை இருக்க வேண்டும் என்று கணக்கும் சொல்கிறது. நம் பண்ணையார்களின் பாயிண்ட் டூ டூ அதில் பத்தில் ஒரு பங்கை எட்டாது. (சின்ன வகை மான்களுக்கு அங்கே பிறகு கொஞ்சம் தளர்த்தினார்கள். அப்போதும் இந்தத் தோட்டா உள்ளே வரமுடியவில்லை.)

அப்படியானால் ஏன் அதை வைத்துச் சுட்டார்கள்? தோட்டா மலிவு. சத்தம் குறைவு, அடுத்த கூட்டம் கலையாது. இறைச்சி சிதறாது. இவை அவர்களே எழுதுகிற காரணங்கள். எழுதாத காரணம் ஒன்று இருக்கிறது. குண்டு செய்யாத வேலையைச் செய்ய ஆள் இருந்தது. அடிபட்ட மானின் பின்னால் ரத்தத் தடம் பார்த்து ஓடியவன் பறையன். இலையில் பட்ட ரத்தம் நுரையாக இருந்தால் நுரையீரல், கறுப்பாக இருந்தால் ஈரல், பச்சை கலந்திருந்தால் குடல் என்று படித்துப் படித்து ஓடி, உச்சி வெயிலில் அதைப் பிடித்து, கொம்பை அழுத்திக் கழுத்தை அறுத்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் அவன். அவ்வளவு நேரம் துரை ஜீப் நிழலில் இருந்தார். ஒரு பெரிய தோட்டாவின் விலை மிச்சமானது, ஒரு பறையனின் உடம்பால். சிறு துப்பாக்கியின் நளினம் என்று இவர்கள் உருகுவதன் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பெரிய சீயானை இங்கே சொல்லியாக வேண்டும். சீயானுக்கு அண்ணன். ஒரு தை மாசம் கலைப்பில் முன்னால் வந்துவிட்டார் என்று சொன்னார்கள். துப்பாக்கிக்காரர் அவசரப்பட்டார் என்பது சேரியின் கூற்று. முழங்காலுக்கு மேலே குண்டு உள்ளே போய்த் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. குண்டுக் காயம் என்றால் டாக்டர் போலீசுக்கு எழுதுவார், போலீஸ் வந்தால் பண்ணைக்குச் சங்கடம். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினார்கள். பண்ணையிலிருந்து இருபது ரூபாயும் ஒரு மரக்கால் நெல்லும் வந்தது. பெரிய சீயான் அதன்பிறகு முப்பது வருஷம் காலை இழுத்து இழுத்து நடந்தார். குண்டு அவரோடேயே மண்ணுக்குள் போனது. "மானுக்குப் பதிலா ஒங்க பெரிய சீயான சுட்டுப்புட்டேன்டி"ன்னு அந்த ஆளு கல்யாண வீட்டுல சொல்லிச் சிரிச்சாரு என்கிறாள் அப்பத்தா. யாருடைய வேட்டை நினைவிலாவது இது வந்தால் 'சிறு விபத்து' என்று வரும்.

இறைச்சி பங்கு எப்படி? தலையும் கொம்பும் பண்ணைச் சுவருக்கு. தோல் பதனிட்டுப் பூசை அறைக்கு, ஆமாம், மான்தோலில் உட்கார்ந்துதானே ஜபம்! தொடைகள் பண்ணைக்கும் தாலுகா அதிகாரிக்கும். முதுகுக்கறி ஊர்ப் பெரியவர்களுக்கு. குடலும் காலும் சேரிக்கு. குடலைக் கழுவுவது பெண்கள் வேலை. எங்கள் அப்பத்தா ஓடைக்கரையில் உட்கார்ந்து கழுவியிருக்கிறாள். ஒருமுறை பிரித்த வயிற்றில் குட்டி இருந்தது. பெண்கள் அதைத் தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

'அப்போ நீ அந்தக் கறியத் தின்னியா அப்பத்தா?' என்று கேட்டேன். 'தின்னாம? ருசியாத்தான் இருந்துச்சு. மிளகும் உப்பும் போட்டு வேக வச்சா ஊரே மணக்கும்' என்றாள். இதை வேண்டுமென்றே எழுதுகிறேன். தலித்துகளை இயற்கையின் காவலர்களாகச் சித்திரிக்கிற ஒரு புதுப் பழக்கம் பட்டணத்துச் சூழலியல்காரர்களிடம் வந்திருக்கிறது. எங்களுக்கு அந்தப் பட்டம் வேண்டாம். பசித்தோம், தின்றோம். யார் கொல்லத் தீர்மானித்தான், யார் தப்பித்தான், யார் ஜெயிலுக்குப் போனான் என்பதுதான் பேச்சு.

தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் சங்கத்துக்கும் போகாமல் இருக்க முடியவில்லை. வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் ஒருசேரத் துளைத்தது என்று வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் எத்தனை தரம் வாய் பிளந்து கேட்டிருக்கிறோம்! புலவர் கூட்டத்துக்கு மான் கறியும் பொன்னும் கிடைத்தது. ஓரிக்குப் புகழ் கிடைத்தது. யானையைக் கிளப்பிக் கொண்டுவந்தவன் பாட்டில் இல்லை. இதே இலக்கணம்தான் இரண்டாயிரம் வருஷம் கழித்து ஜீப்பில் வருகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை உண்டு என்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். பறை கருப்பொருளில் இருக்கிறது, பறை அடித்தவன் எந்தப் பொருளில் இருக்கிறான் என்று என் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். பாடத்தை விட்டு வெளியே போகாதே என்றார்.

ராமேசுவரத்துக் கதையும் மான் வேட்டையில் தொடங்குவதுதான். ராமன் மானைத் துரத்திப் போனான். மாரீசன் செத்தான், சீதை போனாள், கடைசியில் ராவணன் செத்தான். ராவணன் பார்ப்பனப் பிறப்பு என்பதால் கொன்றவனுக்குப் பிரம்மஹத்தி தோஷம். அதைக் கழிக்கத்தான் இங்கே மணலில் லிங்கம் பிடித்து வைத்தார்கள் என்பது தலபுராணம். அதே ராமன் உத்தரகாண்டத்தில் தவம் செய்த சூத்திரன் சம்பூகனின் தலையை வெட்டுகிறான். அதற்கு எந்தக் கடற்கரையிலும் லிங்கம் இல்லை, எந்தத் தோஷமும் இல்லை. பெரிய சீயானின் முழங்கால் இருபது ரூபாயில் முடிந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கேதான் நம் எழுத்தாளர்கள் சோம்பல் படுகிறார்கள்.

1801 டிசம்பரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டுத் தெற்கத்திச் சீமையில் ஆயுதத்தைப் பிடுங்கினான். வளரி அதோடு ஒழிந்தது. (சின்ன மருதுவிடம் வளரி எறியப் படித்துக்கொண்ட வெல்ஷ் என்கிற வெள்ளைக்காரன்தான் பிறகு அவர்களுக்கு எதிரான படையிலும் வந்தான்.) வளரியைப் பற்றி இன்று மேடைக்கு மேடை மார் தட்டுகிறார்கள். தட்டட்டும். 1878-இல் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் ஆயுதம் வைக்கக்கூடாது. ஆனால் ராஜாக்களுக்கும் பட்டம் வாங்கிய பெரிய மனிதர்களுக்கும் விலக்குகள் இருந்தன. ஆக ஆயுதம் பறிபோன கதை எல்லாருக்கும் ஒரே கதையல்ல. சிலருக்குச் சர்க்காரே திருப்பிக் கொடுத்தது.

வெள்ளைக்காரன் போனான். 1959-இல் சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் வந்தது. அதன் 13-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். யாருக்கு லைசென்ஸ் 'வழங்க வேண்டும்' என்று அது சொல்கிறது. ஒன்று, தற்காப்புக்கோ வேட்டை விளையாட்டுக்கோ குழல் வழவழப்பான துப்பாக்கி கேட்பவருக்கு. இரண்டு, பயிர்ப் பாதுகாப்புக்காக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி கேட்பவருக்கு. மூன்று, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப்பின் உறுப்பினர் குறிபார்த்துப் பழகுவதற்காகக் கேட்கிற பாயிண்ட் டூ டூ ரைபிள் அல்லது காற்றுத் துப்பாக்கி. சாதி என்ற சொல் அந்தப் பிரிவில் எங்கும் கிடையாது. தேவையும் இல்லை. பயிர் இருந்தால்தான் பயிர்ப் பாதுகாப்பு, நிலம் இருந்தால்தான் பயிர், சேரிக்கு நிலம் ஏது? ரைபிள் கிளப்புக்குச் சேரியிலிருந்து எவன் போவான்? குறிபார்க்க வாங்கிய ரைபிள் மானைச் சுட்டது, அதைப் பெருமையாக எழுதவும் செய்கிறார்கள், அது லைசென்ஸ் நிபந்தனையை மீறியது என்ற கூச்சம் யாருக்கும் இல்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வந்த உடனே வேட்டை நின்றுபோகவில்லை. பெரிய வேட்டைக்கு, சிறு வேட்டைக்கு என்று அதிலும் லைசென்ஸ் வகைகள் இருந்தன. 1991 திருத்தத்தில்தான் அதை எடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வேட்டையாலேயே வாழ்ந்த நரிக்குறவர்கள் பாசிமணிக்குத் தள்ளப்பட்டார்கள். அவர்கள் பழங்குடி என்று ஒத்துக்கொள்ள அரசுக்கு 2023 ஜனவரி ஆயிற்று. காட்டுப் பொருளைத் தேடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு 1992 ஜூனில் வாச்சாத்திக்குள் நுழைந்த அதிகாரிகள் அங்கே 18 பெண்களை என்ன செய்தார்கள் என்பது தமிழ்நாட்டுக்கே தெரியும். 2011-இல் 215 பேருக்குத் தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. காட்டைக் காப்பாற்றுகிற சட்டம் யார் வீட்டுக் கதவை உடைத்து நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 1723-இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு பிரபுக்களின் காட்டில் மான் பிடிக்கப் போனால் தூக்கு. நூறு வருஷம் அது இருந்தது. ஈ.பி.தாம்சன் 1975-இல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிரபு சுட்டால் விளையாட்டு, குடியானவன் பிடித்தால் திருட்டு. அங்கே வர்க்கம், இங்கே சாதி.

எங்கள் சேரிக்கும் ஒரு மான் வழக்கு வந்தது. எண்பதுகளில், நான் பிறப்பதற்கு முன். மழை பொய்த்த வருஷம். தண்ணி தேடிக் கண்மாய்ப் பக்கம் வந்த மானை நாய்கள் கடித்துக் குதறிவிட்டன. சேரி ஓரத்தில் வந்து விழுந்து செத்தது. நாலு வீட்டார் பங்கு போட்டுக்கொண்டார்கள். ராத்திரிக்குள் தகவல் போய்விட்டது. யார் சொன்னது என்பதும் சேரிக்குத் தெரியும். காக்கிச் சட்டைகள் வந்து அடுப்பில் இருந்த சட்டியை எட்டி உதைத்தன. கொதிக்கிற குழம்பு என் அத்தை காலில் கொட்டியது. ஏழு பேரைக் கயிற்றில் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள், அதில் என் அப்பா ஒருவர். பதினைந்து நாள் உள்ளே இருந்தார். கேசு அஞ்சு வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா பஸ் செலவு, வக்கீல் செலவு, ஆடு விற்றது. அவர்கள் கயிற்றில் நடந்துபோன அதே ரோட்டில்தான் பண்ணைவீடு இருந்தது. கூடத்துச் சுவரில் வரிசையாக ஆறு கொம்புத் தலைகள். அவை சட்டத்துக்கு முன்னால் சுட்டவை, அதனால் குற்றமில்லை. செத்து விழுந்த மானை வேகவைத்தது குற்றம்.

சல்மான்கான் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1998 அக்டோபரில் ஜோத்பூர் பக்கம் காங்கணி கிராமத்தில் இரண்டு வெளிமான்கள். பிஷ்ணோய் ஜனங்கள் விடாப்பிடியாக நின்றதால் வழக்கு சாகவில்லை. இருபது வருஷம் கழித்து 2018 ஏப்ரல் 5-இல் அஞ்சு வருஷத் தண்டனை வந்தது. ஏப்ரல் 7-இல் ஜாமீன். இரண்டு ராத்திரி. என் அப்பா ஒருபோதும் சினிமா பார்க்காதவர், அந்தச் செய்தியை மட்டும் டிவியில் உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மான்கள் ஏன் குறைந்தன என்று கேட்டால் கை நம் பக்கம் நீள்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவன் யார், ராத்திரியில் லைட் அடித்துக் கண்ணைக் கூசவைத்து நிற்கிற மானை வரிசையாகச் சுட்டவன் யார் என்பதை அவர்களுடைய எழுத்தே ஒப்புக்கொள்கிறது. 'ஒரே ராத்திரியில் இத்தனை' என்று எண்ணிக்கை வேறு. உடைமரமும் பனையும் நின்ற இடத்தை வேலிக்கருவை வந்து அடைத்தது இன்னொரு கதை. அதையும் சேரிக்காரன் விதைக்கவில்லை. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இன்று பாதிச் சேரி கஞ்சி குடிக்கிறது. வெளிமானுக்கு வல்லநாட்டுக் குன்றில் 1987-இல் சரணாலயம் வைத்தார்கள். நல்லது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இலிருந்து கடல் அட்டை எடுத்தால் புலியைக் கொன்றதற்குச் சமமான குற்றம். மூச்சுப் பிடித்து முங்குகிறவன் பிடிபடுகிறான், வாங்கிக் கப்பலேற்றுகிறவன் பெயர் பேப்பரில் வருவதே அபூர்வம். கலைத்தவன் பிடிபடுவான், சுட்டவன் நினைவு எழுதுவான். கடலிலும் அதே வட்டம்தான்.

இவ்வளவையும் நான் மானுக்காக எழுதுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மான் சுட்ட துப்பாக்கி மானோடு நிற்கவில்லை. 1957-இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு முதுகுளத்தூர் சீமை முழுக்க எரிந்தபோது, வீராம்பலில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்த நம் சனத்தின் மேல் துப்பாக்கிகள் வெடித்தன. அந்தத் துப்பாக்கிகள் ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணிக்குப் பண்ணை ஆட்கள் வந்தபோதும் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். சுட்டுக்கொண்டே வந்ததால்தான் ஜனம் ஓடி ஒரு குடிசைக்குள் ஒதுங்கியது, 44 பேர் அதற்குள் வெந்தார்கள். விளையாட்டுக்கும் பயிருக்கும் என்று கொடுத்த லைசென்ஸ், ஊருக்குள் ஒரு சாதியிடம் மட்டும் துப்பாக்கி இருக்கும் என்ற பயத்தைக் கட்டிக் காத்தது. அது வெடிக்கக்கூட வேண்டாம். திண்ணையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். 'திருவிழா அன்னைக்குத் துப்பாக்கிய வெளிய எடுத்து வச்சு எண்ண போடுவாக, நாங்க தல குனிஞ்சு போவோம்' என்று சீயான் சொன்னது வேட்டையைப் பற்றி இல்லை.

இமானுவேல் சேகரன் ராணுவத்தில் அவில்தார். நாட்டுக்காகத் துப்பாக்கி பிடித்த கை. நம் சேரிகளில் வீட்டுக்கு ஒரு முன்னாள் ராணுவத்தான் இருக்கிறான். எல்லையில் நம்பி ரைபிளைக் கொடுக்கிற அரசாங்கம் ஊருக்குத் திரும்பியதும் கையில் பறையைத்தான் பார்க்கிறது.

இதற்கு மருந்து சட்டத்திலேயே இருக்கிறது, எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் வருஷத்து விதிகளில் மூன்றாவது விதி. வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று அடையாளம் காணப்பட்ட இடத்தில், தேவையென்றால், தலித் அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்சை ரத்து செய்து ஆயுதத்தை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலைக்காரர், குடும்ப நண்பர் லைசென்சுக்கும் இது பொருந்தும். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அடுத்தது இன்னும் முக்கியம். உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வழங்கலாம். அரசிதழில் அச்சான விதி. எத்தனை கலெக்டர்கள் இதைத் திறந்து பார்த்திருப்பார்கள்? சேரியில் துப்பாக்கி வந்தால் ரத்த ஆறு ஓடும் என்று பதறுகிற கனவான்கள், ஊரில் துப்பாக்கி இருந்த இத்தனை வருஷமும் எந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று நமக்குள்ளேயே விவாதம் உண்டு. நான் வேண்டாம் என்கிற பக்கம்தான் சாய்வேன். ஆனால் முதலில் கணக்கு வெளியே வரட்டும். தகவல் உரிமைச் சட்டத்தின்படி ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மூன்று கலெக்டர் அலுவலகங்களுக்கும் (1985 வரை மூன்றும் ஒரே ஜில்லாதானே) கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். இன்று உயிரோடு இருக்கிற தனியார் துப்பாக்கி லைசென்ஸ் எத்தனை? அதில் தலித், பழங்குடியினர் பெயரில் எத்தனை? பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கியவை எத்தனை, அவர்களுக்கு நிலம் எவ்வளவு? மூன்றாவது விதிப்படி இதுவரை ரத்து செய்தவை எத்தனை, தலித்துகளுக்கு வழங்கியவை எத்தனை? மற்ற மாவட்டத் தோழர்கள் இதே கேள்விகளைத் தங்கள் கலெக்டருக்கு அனுப்பலாம். பத்து ரூபாய்க் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும்.

அதோடு இன்னொரு வேலை. மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எண்பது வயசைத் தாண்டியவர்களிடம் உட்காருங்கள். வேட்டைக்குப் போனீர்களா என்று கேட்காதீர்கள், இல்லை என்பார்கள், இன்னும் கேசுப் பயம் இருக்கிறது. காட்டைக் கலைக்கப் போனவர்கள் யார் யார் என்று கேளுங்கள். எங்கள் அப்பத்தா ஒரே மூச்சில் இருபத்து மூன்று பேர் சொன்னாள், அப்பன் பேரோடு, பட்டப்பேரோடு, அவன் அரைவட்டத்தில் எந்த இடத்தில் நின்றான் என்பதோடு. நோட்டில் எழுதியிருக்கிறேன். பக்கத்து ஊர்ச் சேரிகளின் பெயர்ப்பட்டியலும் வந்து சேர்ந்தால் வீட்டாரின் சம்மதம் வாங்கி எல்லாவற்றையும் இந்த இதழிலேயே வரிசையாகப் போடலாம். அனுப்ப வேண்டியது இதழ் முகவரிக்கு.